நடக்கமாட்டார்கள்

திருவாரூரிலிருந்து கீழ்வெண்மணிக்கு ஒரே பகலில் போய்த் திரும்பிவிடலாம். போனோம். நினைவிடத்தில் நின்று 44 பெயர்களையும் ஒவ்வொன்றாக எண்ணினேன். எண்ணிக்கொண்டே இருந்தால் அழுகை வராது என்று நினைப்பு. முடியல.

1968 டிசம்பர் 25 இரவு. ராமய்யாவின் குடிசைக்குள் ஒளிந்தவர்களை மிராசுதார்களும் அடியாட்களும் சூழ்ந்து தீ வைத்தார்கள். உள்ளே பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. இறக்க மறுத்தது செங்கொடி.

1970இல் நாகப்பட்டினத்தில் தண்டனை. 1973இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் விடுதலை. குற்றம்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் செல்வந்தர்கள், அவர்களில் ஒருவருக்குக் காரும் உண்டு, வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்பமுடியவில்லை என்றது தீர்ப்பு. சாட்சியத்தைவிட அந்தஸ்து கனமாக இருந்திருக்கிறது.

வெண்மணி கூலிப் போராட்டமா, சாதிப் படுகொலையா என்று நாம் இன்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். கொடி ஏறியது சேரியில். எரிந்ததும் அதே சேரிதான். நிலமுள்ளவன் அங்கே நடந்து போகமாட்டான் என்ற நம்பிக்கைக்குள் வர்க்கமும் இருக்கிறது, சாதியும் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தில் சேர்ந்தே கிடப்பதை நம் விவாதங்கள்தான் பிரிக்கின்றன.

பஸ்ஸுக்கு நின்றபோது கூடவந்த தோழர் கேட்டார்: "அவங்க நடந்து வரலேன்னா, இவங்க எப்படிங்க எரிஞ்சாங்க?"

பெயர்கள் கல்லில் இருக்கின்றன. இந்தக் கேள்விக்குத் தீர்ப்பில் பதில் இல்லை.