பாமினி எழுத்துரு

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசை ஒழுங்கைத் தழுவி, இலங்கைத் தமிழர் கணினியில் பரவலாகக் கையாண்ட எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் குறியிடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தும், ஒருங்குறி சாராத வகை. ‘தமிழ்’ என எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி விசைகள் வேண்டும். ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னரே தட்டப்படும். ஒருங்குறி கொம்பை மெய்க்குப் பின் சேமிப்பதால், பழைய கோப்புகளை மாற்றும்போது இவ்வரிசையும் மாற வேண்டும். எழுத்துரு நிறுவப்படாத கணினியில் பாமினிக் கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். எனவே, சிங்களத்துடன் தமிழும் நிருவாக மொழியாக அறிவிக்கப்பட்ட பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை பிரதேச செயலகப் பிரிவுகளில், தோட்டத் தமிழரின் பெயர்கள் ஆவணங்களில் சிதையாமல் நிற்க ஒருங்குறியே தக்கது. இலங்கையின் தமிழ்க் கணினித் தரம்: எஸ்.எல்.எஸ். 1326 (2008), அதன் விசைப்பலகை ரெங்கநாதன் அமைப்பு.