பழி டர்போ மேல், கோளாறு பெட்ரோலில்

டர்போ வைத்த காரில் இழுவை குறைந்தால் பலர் வாயிலும் முதலில் வருவது "டர்போ போச்சு" என்ற தீர்ப்புதான். இது இன்று நேற்று வந்த பழி அல்ல. டர்போ கார்களின் பழைய வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தெரிந்தது ஒன்று: பல நேரம் டர்போ தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அதற்கு ஈடாகப் போக வேண்டிய எரிபொருள்தான் போகவில்லை.

டர்போவுக்கு 1905-ல் காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். சைலன்சர் வழியே வீணாகும் சூடான புகையால் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். டீசல் எஞ்சினுக்குக் காற்று கூடுதலாகப் போனால் கெடுதல் இல்லை. பெட்ரோல் எஞ்சின் அப்படியல்ல. எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்பது அதன் கணக்கு. முழு வேகத்தில் இழுக்கும்போது பெட்ரோல் இன்னும் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். காற்றை மட்டும் ஒன்றரை மடங்காக்கிவிட்டு பெட்ரோலைக் கூட்டாமல் விட்டால் உள்ளே சூடு ஏறும், எஞ்சின் 'நாக்' அடிக்கும், கடைசியில் பிஸ்டனே உருகி ஓட்டை விழும்.

அமெரிக்காவில் 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் இந்தச் சிக்கலில்தான் மாட்டியது. 3.5 லிட்டர் வி-8 எஞ்சின், 215 குதிரைத்திறன். நாக்கைத் தடுக்க, மெத்தனாலும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தத்தை மட்டுப்படுத்த ஒரு தடுப்பும் இருந்தது. பெட்ரோல் போடுவதோடு வேலை முடிந்தது என்று பழகியவர்கள் அந்தத் திரவத்தை மறந்தார்கள். காரில் இழுவை இல்லை என்று புகார் வந்தது. கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது. தொட்டி காலியானதற்கு டர்போ வெளியே போனது.

அடுத்த அத்தியாயம் சுவீடனில். சாப் 99 டர்போ 1977-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு வந்தது. 2 லிட்டர் எஞ்சினில் 145 குதிரைத்திறன். இதை உருவாக்கிய பெர் கில்பிராண்டை அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக 'டர்போ பெல்லே' என்பார்கள். இதில் கார்புரேட்டர் இல்லை. பாஷ் கம்பெனியின் கே-ஜெட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷன் இருந்தது. உள்ளே போகும் காற்று ஒரு தட்டைத் தூக்கும். தட்டு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு பெட்ரோல் போகும். எல்லாமே பிரஷர் கணக்கில் ஓடியதால், கோளாறையும் பிரஷர் கேஜ் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

அந்தக் காலத்து மெக்கானிக்குகள் சோதித்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் பம்ப் தரும் மொத்த பிரஷர்; ஏறக்குறைய 5 பார் இருக்க வேண்டும். (நாம் டயருக்கு அடிக்கும் 30 பவுண்டு சுமார் 2 பார்.) அடுத்து, கலவையைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டு பிரஷர். குளிர்ந்த எஞ்சினில் அது குறைவாக இருந்து, சூடாகச் சூடாக ஏற வேண்டும். மூன்றாவது, எஞ்சினை நிறுத்திய பின்னும் பைப்பில் பிரஷர் தங்குகிறதா என்று பார்ப்பது. தங்காவிட்டால் பெட்ரோல் சூட்டில் ஆவியாகி, ஓடி வந்த வண்டி டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும். பம்பில் உள்ள ஒருவழி வால்வோ, பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும் அக்குமுலேட்டரோ சோர்ந்திருக்கலாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு சோதனை பாக்கி. திரும்பி வரும் பெட்ரோலை அளவுக் குவளையில் 30 விநாடி பிடித்து, புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். டர்போ காருக்கு இதுதான் முக்கியம். ஃபில்டர் அடைத்திருந்தாலும், பம்புக்குப் போகும் மின்சாரம் குறைந்திருந்தாலும் கேஜில் பிரஷர் சரியாகவே காட்டலாம். ஊருக்குள் வண்டி ஒழுங்காக ஓடும். நெடுஞ்சாலையில் மிதித்து டர்போ முழு மூச்சில் காற்றைத் தள்ளும்போதுதான் பெட்ரோல் பற்றாது. வீட்டில் பிரஷர் குறையாத குழாய், நான்கு குழாயை ஒன்றாகத் திறந்தால் சொட்டுவது போல. அப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் பீங்கான் வெளுத்திருக்கும். அந்த வெளுப்பைக் கவனிக்காமல் டர்போவை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் அடுத்து போவது பிஸ்டன்.

1980-களின் தொடக்கத்தில் சாப், நாக்கைக் கேட்டறியும் சென்சார் வைத்து டர்போ அழுத்தத்தைத் தானே குறைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதனால் எஞ்சின்கள் பிழைத்தன. ஆனால் ஓட்டுபவருக்குத் தெரிவது "இழுவை இல்லை" என்பது மட்டும்தான். பழைய பழி புது உருவில் தொடர்ந்தது.

நம் மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் 1 லிட்டர் டர்போ எஞ்சின் வரை இதே கதைதான். இப்போது பம்ப் இரண்டு: டேங்கில் ஒன்று, எஞ்சினில் மிக உயர்ந்த பிரஷர் தரும் இன்னொன்று. குறையைக் கம்ப்யூட்டர் சொல்கிறது. ஆனால் அது சொல்வது "கலவையில் பெட்ரோல் குறைவு" என்பதை மட்டும். ஏன் குறைவு என்று மனிதன்தான் தேட வேண்டும்.

ஆகவே உங்கள் பிள்ளையோ பேரனோ, டர்போ போய்விட்டதாம், பெரிய செலவாம் என்று சொன்னால், ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "பெட்ரோல் பிரஷரையும், வரும் அளவையும் பார்த்தீர்களா, ஃபில்டர் மாற்றி எத்தனை நாளாயிற்று?" பார்த்துவிட்டுச் சொன்ன தீர்ப்பு என்றால் தாராளமாகச் செலவழிக்கலாம்.