கனடாவும் டிராம்பேயும்

கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிபெண்டாத் தீவுக்குப் படகேறிச் சென்ற அன்பர்கள், வழியில் இடப்புறம் தெரியும் டிராம்பேக் குன்றையும், அதன் அடிவாரத்தில் கடலையொட்டி நிற்கும் கவிந்த கூரையுடைய கட்டடங்களையும் கண்டிருப்பார்கள். அக்கூரைகளுள் ஒன்றன் கீழ் 1960 முதல் 2010 வரை இருந்து பணியாற்றிய அணு உலைக்குச் 'சைரஸ்' என்று பெயர். பாரசீக மன்னன் ஒருவனின் பெயரோ என்று ஐயுற வேண்டா. கனடா, இந்தியா, உலை என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளோடு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எழுத்துகள் இரண்டையும் கூட்டி அமைத்த பெயர் அது. மூன்று நாடுகளின் நட்புக்கு அடையாளமாகப் பெயர் பெற்ற அவ்வுலை, பின்னர் அந்நாடுகளுக்குள் நெடுநாள் நீடித்த பிணக்குக்கும் காரணமாயிற்று. செல்வ நாடொன்று வளரும் நாட்டுக்குக் கைகொடுக்கையில் எது முறியும், எது நிலைக்கும் என்று அறிய விழைவோர்க்கு வேண்டிய வரலாறு நம் வீட்டு வாயிலிலேயே கிடக்கிறது.

செம்பூர்ப் பகுதிக்கு அயல்நாட்டுக் கூட்டு என்பது புதிதன்று. 1951ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க ஸ்டான்வாக் நிறுவனமும் ஆங்கிலேயரின் பர்மா ஷெல் நிறுவனமும் நம் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளை இங்கே எழுப்பின. இருபத்தைந்து ஆண்டுக்கு ஆலைகளை நாட்டுடைமை ஆக்குவதில்லை என்று அரசு அப்போது உறுதி கூறியிருந்தது. காலம் மாறியது. 1974இல் ஒன்றும் 1976இல் மற்றொன்றும் விலை பேசி அரசின் கைக்கு வந்தன. இவை வாணிகக் கூட்டுகள். முதலும் இலாபமும் கணக்கில் எழுதிக் கொடுக்கல் வாங்கலாக முடிந்துவிட்டன. கனடாவோடு ஏற்பட்ட உறவு இவ்வகையைச் சேர்ந்தது அன்று. அதற்குள் உதவியும் வாணிகமும் அரசியலும் பிரிக்கவொண்ணாதபடி பின்னிக் கிடந்தன.

அவ்வுறவின் தொடக்கம் கொழும்பு நகரில். 1950 ஜனவரியில் காமன்வெல்த் நாடுகளின் அயலுறவு அமைச்சர்கள் அங்கே கூடிப் பேசியதன் பயனாகக் 'கொழும்புத் திட்டம்' பிறந்தது. தெற்காசிய, தென்கிழக்காசிய நாடுகளின் வளர்ச்சிக்குச் செல்வ நாடுகள் பொருளும் கருவியும் தொழிற்பயிற்சியும் அளிப்பது அதன் நோக்கம். கனடா பெரும்பாலும் பணத்தைப் பணமாகக் கொடுக்கவில்லை. கோதுமையாகவும் உலோகமாகவும் பொறிகளாகவும் அனுப்பிற்று. அக்கோதுமையை இங்கே விற்றுக் கிடைத்த ரூபாயைத் தனி நிதியாக வைத்து அணைக்கட்டு முதலியவற்றுக்குச் செலவிடுவார்கள். மயூராட்சி ஆற்றின் குறுக்கே மசன்ஜோரில் எழுந்த அணையை அவ்வூரார் இன்றும் 'கனடா அணை' என்றே அழைக்கின்றனர். நம் நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டமும் கனடாவின் உதவி பெற்றதே. கனடா என்றதும் டொரான்டோவில் குடியேறிய ஈழத்து உறவினரை எண்ணுவது இன்றைய வழக்கம். அவர்கள் அங்கே சென்று சேர்வதற்கு முன்பே கனடியப் பொறியாளர் நீலகிரிக் குளிரில் வேலை பார்த்துவிட்டனர்.

அணு உலையின் கதைக்கு வருவோம். 1948இல் நிறுவப்பெற்ற அணுசக்தி ஆணையத்தில் மூவரே உறுப்பினர்: ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். டிராம்பேயில் முதலில் எழுந்தது 'அப்சரா' என்னும் சிற்றுலை. அது 1956 ஆகஸ்ட் 4ஆம் நாள் இயங்கத் தொடங்கிற்று. அதற்கு எரிபொருள் பிரிட்டன் தந்தது. அதனினும் பெரிய உலைக்குத்தான் கனடாவின் கை தேவைப்பட்டது. 1955 ஆகஸ்டில் ஜினீவாவில் கூடிய அணுசக்தி மாநாட்டுக்குப் பாபா தலைமை தாங்கினார். கனடிய அணுவியலாரின் தலைவராக விளங்கிய டபிள்யூ. பி. லூயிஸ், பாபாவுக்குக் கேம்பிரிட்ஜ் நாளிலிருந்தே அறிமுகமானவர். ஒட்டாவாவில் அயலுறவு அமைச்சராக லெஸ்டர் பியர்சன் இருந்தார். கொழும்புத் திட்டத்தின் வழியே உலையொன்றை அளிக்க அந்நாடு முன்வந்தது. 1956 ஏப்ரல் 28ஆம் நாள் புது டில்லியில் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. அயல்நாட்டுச் செலவு கனடாவுடையது. உள்நாட்டுச் செலவு நம்முடையது.

கனடா ஏன் கொடுத்தது? இதனைக் கேட்பது நன்றி மறத்தல் ஆகாது. அந்நாடு கடல் கடந்த நாடு எதையும் அடிமை கொண்டு ஆண்டதில்லை. அணு ஆராய்ச்சியில் முன்னணியில் நின்றும் தனக்கென அணுகுண்டு செய்து கொண்டதில்லை. பசியும் வறுமையும் தீர்ந்தாலன்றி ஆசியாவில் அமைதி நிலவாது என்று அந்நாட்டுத் தலைவர்கள் உண்மையாகவே எண்ணினர். இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், கனடாவின் நிலத்தில் யுரேனியம் மிகுதி. அதனைச் செறிவூட்டாமல் இயற்கை நிலையிலேயே கனநீருடன் வைத்து எரிக்கும் முறை கனடியர் வளர்த்தது. அமெரிக்கர் முறையோ செறிவூட்டிய யுரேனியத்தை நம்பியது. தம் முறைக்கு உலகில் ஒரு சந்தை வேண்டும் என்னும் எண்ணம் கனடியருக்கு இருந்ததில் வியப்பில்லை. கொடையும் வாணிகமும் ஒரே வண்டியில் வந்தன. நம்மவரும் இதனை அறிந்தே வாங்கினர்.

மாதிரியாகக் கொண்டது சாக் ரிவர் என்னுமிடத்தில் ஓடிய என்.ஆர்.எக்ஸ் உலை. ஆயினும் அங்கிருந்ததை அப்படியே பெயர்த்து இங்கே வைத்துவிட முடியவில்லை. அங்கே ஒட்டாவா ஆற்றின் குளிர்ந்த நன்னீர் உலையின் ஊடே பாய்ந்து வெளியேறும். டிராம்பேயிலோ கைக்கெட்டியது உப்புக்கடல். உப்புநீர் உலையின் உலோகத்தைத் தொட்டால் அரித்துவிடும். ஆதலின் நன்னீரை மூடிய சுற்றில் ஓடவிட்டு, அந்நீரின் சூட்டைக் கடல்நீரால் தணிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். கனநீர் ஏறத்தாழ 20 டன் அமெரிக்காவிலிருந்து வந்தது. பெயரின் ஈற்றில் அந்நாட்டின் எழுத்துகள் சேர்ந்தது அதனாலேதான்.

எரிபொருள் பற்றிய செய்தியே இவ்வரலாற்றின் உயிர்நிலை என்பது என் கருத்து. உலைக்குரிய யுரேனியக் கோல்கள் முழுவதையும் கனடாவிடமிருந்தே பெற்றிருக்கலாம். வேலை எளிதில் முடிந்திருக்கும். பாபா அதற்கு இசையவில்லை. மணவாளக்குறிச்சி முதல் சவறை வரையுள்ள கடற்கரையின் கருமணலில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அதனை ஆலுவாயில் பிரித்தெடுத்து, டிராம்பேத் தோரிய ஆலையில் பதப்படுத்தும்போது சிறிது யுரேனியமும் கிடைத்தது. அதனைத் தூய உலோகமாக்கும் ஆலை 1959இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிற்று. உலோகவியலார் பிரம் பிரகாஷின் தலைமையில் கோல்களும் இங்கேயே வார்க்கப்பெற்றன. உலையை முதன்முறை நிரப்பியபோது கோல்களுள் ஏறத்தாழப் பாதி நம்மவர் செய்தவை. கனடாவின் கொடையினுள்ளே நாஞ்சில் நாட்டுக் கடற்கரை மணலும் கலந்தது என்று சொன்னால் அதில் மிகையில்லை. 1960 ஜூலை 10ஆம் நாள் சைரஸ் உயிர் பெற்றது. அதன் முழு ஆற்றல் 40 மெகாவாட் வெப்பம்.

பொருள் வந்த வழியிலேயே ஆள்களும் சென்று வந்தனர். இந்திய இளைஞர் பலர் சாக் ரிவரில் தொழில் பயின்றனர். திருவனந்தபுரத்தில் பிறந்த பி. கே. ஐயங்கார் அங்கே பெர்ட்ரம் பிராக்ஹவுஸ் என்னும் அறிஞரோடு பணியாற்றித் திரும்பினார். அவ்வறிஞர் 1994இல் நோபல் பரிசு பெற்றார். ஐயங்கார் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். 1957இல் டிராம்பேயில் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்குத் தென்னாட்டு இளைஞர் திரளாக வந்தனர். பட்டம் பெற்ற கையோடு தாதர் நிலையத்தில் இறங்கி, மாதுங்காவில் ஒரு மெஸ்ஸில் உண்டு, பின்பு செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் குடும்பத்தோடு வேரூன்றியவர்கள் நம்முள் எத்தனை பேர்! சைரஸில் விளைந்த கதிரியக்கப் பொருள்கள் மருத்துவமனைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நெடுங்காலம் சென்றன.

இனி முள்ளைப் பற்றிப் பேச வேண்டும். உலையும் அதில் விளைபவையும் அமைதிப் பணிகளுக்கே பயன்படும் என்பது 1956ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வாசகம். அமைதிப் பணி எது, அன்றி எது, அதனை யார் வந்து பார்ப்பது என்பன எழுதப்படவில்லை. சர்வதேச அணுசக்தி முகமை தோன்றியதே 1957இல்தான். உலையில் எரிந்த யுரேனியக் கோலிலிருந்து புளுட்டோனியம் என்னும் உலோகத்தைப் பிரிக்கலாம். மின் உலைக்கும் அது உதவும், குண்டுக்கும் உதவும். அதைப் பிரிக்கும் ஆலையை ஹோமி சேத்னாவின் தலைமையில் டிராம்பேயில் நம்மவரே கட்டி 1964இல் இயக்கினர். அவ்வாண்டு அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்தது. அதன்பின் டில்லியின் எண்ணமும் ஒட்டாவாவின் அச்சமும் சேர்ந்தே வளர்ந்தன.

இதற்கிடையே 1963இல் இராஜஸ்தானத்து ராவத்பாட்டாவில் மின்சாரம் எடுக்கும் பேருலைக்குக் கனடாவோடு வேறொரு ஒப்பந்தம் ஏற்பட்டிருந்தது. அங்கே கனடியர் மேற்பார்வைக்கு வழி செய்து கொண்டனர். சைரஸுக்கு மட்டும் பழைய வாசகமே நின்றது. 1971 அக்டோபரில் கனடியப் பிரதமர் பியர் ட்ரூடோ, இந்திரா காந்தி அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதினார். கனடா தந்த பொருள் அணுவெடிக்குப் பயன்படுமானால் உறவை மறுபரிசீலனை செய்ய நேரும் என்பது அதன் சாரம். வராத ஒன்றைக் கற்பித்துக்கொண்டு உடன்படிக்கைக்கு இப்போது பொருள் காண வேண்டியதில்லை என்னும் கருத்துப்பட அம்மையார் விடை எழுதினார். 1974 மே 18ஆம் நாள் பொக்ரான் மணலுக்கடியில் வெடித்த கருவியின் புளுட்டோனியம் சைரஸில் விளைந்தது.

அஃது அமைதி வழி வெடிப்பே என்றது நம் அரசு. எழுத்தளவில் அதனை மறுக்க இயலாது. அந்நாளில் வல்லரசுகளும் கால்வாய் தோண்டவும் சுரங்கம் வெட்டவும் அணுவெடி உதவுமா என்று ஆய்ந்து கொண்டிருந்தன. ஆயினும் கடிதம் எழுதி முன்னரே எச்சரித்த நண்பனின் மனக்குறையை வெறும் பாசாங்கு என்று தள்ளுவது நேர்மையாகாது. கனடா சில நாள்களுக்குள் அணுத்துறை உதவியை நிறுத்திற்று. 1976 மே மாதத்தில் உறவை அடியோடு முறித்தது. நம்மிடமிருந்து எதையும் மறைப்பதற்கென்றே பொருள் வழங்கும் நாடுகள் ஒன்றுகூடி ஒரு குழுவையும் அமைத்தன.

ராவத்பாட்டாவில் முதல் உலை ஓடிக் கொண்டிருந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. கனநீர் சோவியத் நாட்டிலிருந்து வந்தது. எஞ்சிய வேலையை நம் பொறியாளர் முடித்து 1981இல் அதனை இயக்கினர். முதல் உலையின் பழுதுகளைச் செய்தவர் வந்து பார்க்க இயலாமையால், அது ஓடிய நாளும் உண்டு, ஓய்ந்த நாளும் பல. பிரிவுக்கு நாம் கொடுத்த விலை இது. அதே வேளையில், செங்கற்பட்டுக் கடற்கரையில் கல்பாக்கத்து உலைகள் எழுந்து வந்தன. வடிவமைப்பின் மூலம் கனடியருடையது. கட்டியவர்களும் பெரும் பகுதிகளைச் செய்த ஆலைகளும் இந்தியர். முதல் உலை 1983 ஜூலையில் இயங்கிற்று. கனடியர் ஒருவரும் அருகில் இல்லை. டிராம்பேயில் கோல் வார்த்தும் குழாய் பொருத்தியும் கற்ற கைகள் கூடவே இருந்தன. சைரஸுக்கு அண்டையில் 100 மெகாவாட் வெப்ப ஆற்றலுடன் 'துருவா' 1985இல் எழுந்தது. அதனை முழுதும் நம்மவரே அமைத்தனர்.

கைத்தொழில் இருந்தும் யுரேனியம் போதவில்லை. புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நம் மின் உலைகள் எரிபொருள் தட்டுப்பாட்டால் குறைந்த ஆற்றலில் ஓட நேர்ந்தது. அமெரிக்காவோடு 2005இல் தொடங்கிய பேச்சின் பயனாக, முன்னர்க் கதவடைத்த அக்குழுவே 2008 செப்டம்பரில் கதவைத் திறந்தது. கனடாவும் திரும்பி வந்தது. இம்முறை வாசகத்தில் ஓட்டை விடப்படவில்லை. இராணுவத் துறை உலைகள் ஒருபுறமும் குடிமக்களுக்குரிய உலைகள் மறுபுறமும் பிரிக்கப்பெற்றன. பின்னவற்றை முகமையின் ஆய்வாளர் வந்து பார்ப்பர். அப்பிரிவினையின்போது சைரஸை மூடிவிடுவதாக இந்தியா ஒப்புக்கொண்டது. 2010 ஜூன் 27ஆம் நாள் டொரான்டோ நகரில் இருநாட்டு அணுசக்தி உடன்படிக்கை ஒப்பமாயிற்று. 2015இல் சஸ்காட்சிவன் மாநிலத்து யுரேனியத்தை ஐந்தாண்டுக்கு விற்கும் வாணிகமும் முடிவாயிற்று. டொரான்டோவில் ஒப்பமிட்ட அதே 2010ஆம் ஆண்டின் இறுதி நாளாகிய டிசம்பர் 31 அன்று, ஐம்பது ஆண்டு உழைத்த சைரஸ் டிராம்பேயில் நிறுத்தப்பட்டது.