ஒரு வெள்ளிக் கணக்கு

தோட்டப்புறத் தமிழர் வரலாறு என்றாலே கங்காணி, லயம், கள்ளுக்கடை, வேலைநிறுத்தம் என்றுதான் பேச்சு போகும். அவர்கள் இழந்ததை நிறைய எழுதிவிட்டோம். கொடுத்ததைக் கொஞ்சம்தான் எழுதியிருக்கிறோம். இந்த நாட்டில் தமிழுக்காக நடந்த பெரிய நிதி திரட்டல்களில் ஒன்று, மரம் வெட்டிய கைகளையும் நம்பித்தான் தொடங்கியது. அதன் பெயர் ‘தமிழ் எங்கள் உயிர்’.

முதலில் அந்தக் கைகளைப் பற்றி. நெகிரி செம்பிலானில் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் வழியிலும், லாபு, ரந்தாவ், பஹாவ் பக்கமும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்த காலம் அது. விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை, பிறகு பால் எடுத்து ஸ்டோருக்குச் சுமப்பது. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை. இந்த வாழ்க்கைக்குள்தான் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி எழுதினார்கள். அந்த வரியில் சாமி ஊர்வலம் மட்டுமா நடந்தது? கூத்தும் நாடகமும் பாட்டும் அந்தக் காசில்தான் நடந்தன. ராஜா வேஷம் கட்டியவர் மறுநாள் காலையில் பெரட்டில் நிற்பார். பார்க்கிறவரும் நடிக்கிறவரும் காசு போடுகிறவரும் ஒரே ஆளுங்கதான்.

இதே பழக்கம்தான் போருக்குப் பிறகு தொழிற்சங்கத்துக்கும் கைகொடுத்தது. நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் தொடங்கிய பி.பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் முக்கியத் தலைவரானார். அந்தச் சங்கத்தைத் தாங்கியது எந்தப் பணக்காரரும் இல்லை, தொழிலாளர்களின் மாதச் சந்தாதான்.

அந்த வருடங்களில்தான் பல்கலைக்கழகச் சர்ச்சை வந்தது. 1949இல் சிங்கப்பூரில் அமைந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப் போகிறார்கள். அதில் எந்த மொழிக்கு முதலிடம்? சமஸ்கிருதத்துக்கே என்ற யோசனை வலுவாக இருந்தது. மலாயா இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்களில் பெரும்பகுதி தோட்டத்தில் உழைத்தவர்கள். ‘இந்தியப் பண்பாடு’ என்று கல்விமான்கள் மேசையில் பேசும்போது இவர்கள் பேசுகிற மொழி மட்டும் ஏன் பின்வரிசைக்குப் போக வேண்டும்? இதை வெறும் மொழிப் பற்று என்று சுருக்க முடியாது. கூலிகள் என்று ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டத்தின் மொழி பல்கலைக்கழகத்துக்குத் தகுமா என்ற கேள்வி அதற்குள் இருந்தது.

திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கப்பூர் வந்தவர் கோ. சாரங்கபாணி. 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கியவர். அவர் வாதத்தோடு நிற்கவில்லை. தமிழே முதன்மை மொழியாக வேண்டும் என்று முரசில் எழுதிக்கொண்டே, துறையின் நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க நிதி திரட்டினார். தமிழர் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளியாவது தர வேண்டும் என்பது வேண்டுகோள். நான் பொறியியல் படித்தவன். பாரம் எத்தனை தூணில் இறங்குகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆயிரம் வெள்ளி கொடுக்கும் பத்துப் பேரை நம்பியிருந்தால், அதில் நாலு பேர் மனம் மாறினாலே கதை முடிந்திருக்கும். ஒரு வெள்ளி கொடுக்கும் ஆயிரக்கணக்கானவர்களை அப்படி யாரும் ஒரே நாளில் திருப்ப முடியாது.

ஆனால் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கானவர்களை எப்படிச் சேர்ப்பது? இங்கேதான் கலை வருகிறது. 1952இல் சாரங்கபாணி முன்னெடுத்த தமிழர் திருநாள், தைப்பொங்கலை ஒட்டிச் சாதி சமயம் பார்க்காமல் எல்லாத் தமிழரும் கூடும் விழா. பேச்சுப் போட்டி, கவிதை, நாடகம், இசை, நடனம், விளையாட்டு என்று மலாயாவின் பல ஊர்களுக்கும் பரவியது. முரசின் மாணவர் மணிமன்றம் தோட்டத்துப் பிள்ளைகளின் எழுத்தையும் அச்சில் ஏற்றியது. மேடையில் தன் மகன் பேசுவதைக் கேட்டவரிடமும், பேப்பரில் தன் மகள் பெயரைப் பார்த்தவரிடமும் தமிழுக்கு ஒரு வெள்ளி கேட்டால், அதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

இதில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க ஆங்கிலப் பள்ளி, டவுன், பஸ் காசு எல்லாம் வேண்டும். ஆக, தங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் கால் வைக்க முடியாத ஒரு நூலகத்துக்குத்தான் தோட்டத்து ஜனங்கள் காசு போட்டார்கள். அதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது நமக்குச் சுலபம். அந்த நூலகத்துக்குள் அவர்கள் பிள்ளைகள் நுழைய வழி செய்யவும் இன்னொரு நிதி தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

1956இல் துறை தொடங்கியது. தமிழ் அதில் முதன்மை பெற்றது. 1959இல் துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் தனிநாயகம் அடிகள் தலைமை ஏற்றார். 1966 ஏப்ரலில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு முதன்முதலாகக் கூடியது சென்னையில் இல்லை, மதுரையிலும் இல்லை. கோலாலம்பூரில். அந்த மாநாட்டை நம்மூருக்குக் கொண்டுவந்த துறையின் புத்தக அலமாரிக்குக் கீழே ஒரு வெள்ளி நோட்டுகள் இருக்கின்றன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அதே கைகள் மறுபடி நீண்டன. 1960இல் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். ஆனால் இங்கே ஒரு பெரிய வித்தியாசம். நூலகத்துக்குக் கொடுத்தவர் நன்கொடையாளர். இங்கே கொடுத்தவர் உறுப்பினர், ஓட்டு உள்ளவர்.

இன்றைக்கு நம் நாடகக் குழுவோ உரிமைக்காகப் பேசும் அமைப்போ காசுக்கு எங்கே போகிறது? விருந்து மேசைக்கும் பெரிய அட்டையில் அச்சடித்த மாதிரிக் காசோலைக்கும்தான். தருகிறவர் மேடையில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார். அடுத்த வருடம் அவர் தராவிட்டால் நாடகம் இல்லை. அவருக்குப் பிடிக்காததைப் பேசினாலும் நாடகம் இல்லை. பெரிய காசு வேண்டாம் என்று சொல்லவில்லை, வாடகை யார் கட்டுவது! ஆனால் பார்வையாளரிடம் பத்து வெள்ளி கேட்கவும், அதற்கு ரசீது எழுதிக் கொடுக்கவும், வருடக் கடைசியில் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கணக்குக் காட்டவும் நாம் ஏன் கூச்சப்படுகிறோம்? மூன்று வெள்ளியைச் சுற்றி நாள் கூலி வாங்கியவரிடம் ஒரு வெள்ளி கேட்கச் சாரங்கபாணி கூச்சப்படவில்லை.