அரமேய எண்களும் கணினியும்

நைல் நதியில் அஸ்வான் நகருக்கு எதிரே எலிபண்டைன் என்னும் தீவு உண்டு. அங்கே 1906, 1907ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஜெர்மானிய அகழ்வில் பபைரஸ் சுருள் ஒன்று கிடைத்தது. அதில் அரமேய மொழியில் வரையப்பட்டிருந்தது அசீரிய அமைச்சன் அகிகாரின் கதை. ஆனால், அக்கதைக்கு அடியில் வேறோர் எழுத்தும் மங்கலாகத் தெரிந்தது. கழுவி அழிக்கப்பட்ட சுங்கக் கணக்கு அது! சேர்க்சஸ் மன்னனின் பதினோராம் ஆட்சியாண்டு, அதாவது கி.மு. 475, அதன் காலம் என்பர். எகிப்துக்கு வந்த கிரேக்க, பினீசியக் கப்பல்கள் செலுத்திய வரி அதில் பதியப்பட்டிருந்தது. கதையைக் காக்கக் கணக்கை அழித்தான் எழுத்தன். வரலாற்றாசிரியருக்கோ அழிந்த கணக்கே பெருநிதியாயிற்று.

பாரசீகப் பேரரசின் அலுவலக மொழியாக விளங்கிய அரமேயத்தில் எண்ணுக்குத் தனிக் குறிகள் இருந்தன. சுழியம் இல்லை, இடமதிப்பும் இல்லை. ஒன்றுக்கு ஒரு கோடு. கோடுகளை மும்மூன்றாக நெருக்கி எழுதுவது எழுத்தர் வழக்கம்; ஆகவே ஒன்பது என்பது மூன்று மும்மைகள். பத்துக்கும் இருபதுக்கும் வேறு குறிகள் உண்டு. நூற்றின் குறிக்கு முன்னே எத்தனை நூறு என்பதை எழுதுவர்.

275 என்னும் தொகையைப் பார்ப்போம். பழந்தமிழ் முறையில் அது ௨௱௭௰௫. நூற்றைப் பெருக்கிக் காட்டுவதில் இரு முறைகளும் ஒன்றே. ஆனால் தமிழன் ‘ஏழு பத்து’ என்று எழுதிய இடத்தில், அரமேய எழுத்தன் மூன்று இருபதுகளையும் ஒரு பத்தையும் அடுக்கினான். பின்னர் ஐந்துக்காக மூன்றும் இரண்டும் இட்டான். யாவும் வலமிருந்து இடமாகவே செல்லும்.

இவ்வெழுத்துமுறை 2009ஆம் ஆண்டு ஒருங்குறியின் 5.2ஆம் பதிப்பில் இடம்பெற்றது. இருபத்திரண்டு எழுத்துகள், ஒரு பிரிவுக் குறி, எட்டு எண்குறிகள் என முப்பத்தொரு குறியீடுகள். எண்களாவன 1, 2, 3, 10, 20, 100, 1000, 10000. ஒற்றைக் கோடு ஒன்றே போதாதா என்று கேட்கலாம். போதாது. கோடுகளைத் தனித்தனியே நிறுத்தினால் எழுத்தன் கண்ட மும்மை மறைந்துவிடும். ஏட்டைப் படிப்பவன் எண்ணிக்கையில் இடறுவான். நான்குக்குக் குறியீடு அளிக்கப்படாததும் இதனாலேயே. மூன்றும் ஒன்றும் சேர்ந்தால் நான்கு.

ஒவ்வொரு குறியோடும் அதன் மதிப்பும் பதியப்பட்டுள்ளமையால், கணினிக்கு அது வெறும் படமன்று. இருபதின் குறியை அது இருபது என்றே அறியும். ஆயினும் எதைக் கூட்டுவது, எதைப் பெருக்குவது என்பதை அக்குறியீடு சொல்லாது. நிரல் எழுதுபவரே அதைக் கற்பிக்க வேண்டும், முன்னாளில் மூத்த எழுத்தன் இளைய எழுத்தனுக்குக் கற்பித்ததுபோல.