புல்லரிக்க வைக்கும் தசை

ஆழித்தேர் அசையும்போது எங்க திருவாரூர்க்காரங்களுக்குப் புல்லரிக்கும். அப்போது மயிர்க்காலை நிமிர்த்துவது, நம் சொல்பேச்சு கேட்காத மென்தசை. 1847-இல் அதன் செல்களைத் தனியே பிரித்துக் காட்டியவர் கோலிக்கர். அதில் முளைக்கும் தோல் கட்டியை 1854-இல் விவரித்தவர் விர்ச்சோ. கருப்பையில் இந்தக் கட்டி சகஜம்; தோலில் அபூர்வம். குளிர் பட்டாலே சுரீர்னு வலிக்கலாம். ஆனா புற்று இல்லை.

கதை அதோடு முடியலை. சில குடும்பங்களில் தோல் கட்டியும் கருப்பைக் கட்டியும் சேர்ந்தே வருவதை 1973-இல் ரீட் எழுதினார். 2001-இல் சிறுநீரகப் புற்றும் அந்த வரிசையில் சேர்ந்தது. 2002-இல் காரணமான மரபணு பிடிபட்டது.

நம்ம வீடுகளில் அத்தைக்கும் சித்திக்கும் கர்ப்பப்பை எடுத்ததைக் குசுகுசுன்னுதான் பேசுவோம். உடம்பில் இப்படிப் பல கட்டிகள் இருந்தால், டாக்டரிடம் முதலில் சொல்லவேண்டிய வரலாறு அதுதான்.