சங்கராந்திக்கு ஊருக்குப் போகாதவர்கள்

ஜனவரி 10 தாண்டிவிட்டால் எங்கள் ஜீடிமெட்லா காலியாக ஆரம்பித்துவிடும். ஷாப்பூர் நகரில் பையும் பிள்ளையுமாக நிற்கிற கூட்டம் ஸ்ரீகாகுளம், ராஜமுந்திரி, பீமவரம் என்று கிளம்பும். விஜயவாடா நெடுஞ்சாலையின் சுங்கச்சாவடிகளில் கார்கள் வரிசைகட்டி நிற்பதை டிவியில் காட்டுவார்கள். மற்ற நாளில் சிந்தலிலிருந்து பாலாநகர் போக முக்கால் மணி நேரம் என்றால், போகி அன்று பத்தே நிமிடம். தெருவில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும்.

அந்த வாரம் இங்கே மிச்சம் இருப்பவர்கள் நாங்கள்தான். தமிழர்கள், ஒரியாக்காரர்கள், பீகாரிகள்; டிக்கெட் கிடைக்காதவர்கள், லீவு கிடைக்காதவர்கள். பத்து வருஷத்துக்கு மேல் இங்கே குப்பை கொட்டுகிறேன். அதில் பொங்கலுக்கு ஊரில் இருந்தது மூன்றே முறை.

நான் ஆணி பிடுங்குகிற இடம் மருந்துக்கான மூலப்பொருள் செய்கிற தொழிற்சாலை. இங்கே 'பல்க் டிரக்' என்பார்கள். ரியாக்டரில் ஒரு பேட்ச் ஏற்றிவிட்டால் அது முடியும்வரை யாராவது பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். வெப்பம் ஏறுகிறதா, அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதவேண்டும். "நாளைக்கு பண்டிகை, கொஞ்சம் பொறு" என்றால் ரியாக்டர் கேட்காது.

சரி, தெலுங்குக்காரர்கள் ஒரு பண்டிகைக்குப் போகட்டும், நாம் இன்னொன்றுக்குப் போவோம் என்று பங்கு பிரிக்கலாமே? வருஷப்பிறப்பு என்றால் பிரிக்கலாம். அவர்களுடைய உகாதி சந்திரனைப் பார்த்து வருவது, நம் சித்திரை 1 சூரியனைப் பார்த்து வருவது. நாள் வேறு. ஆனால் சங்கராந்தி மட்டும் அவர்களுக்கும் சூரியக் கணக்குதான். சூரியன் மகர ராசிக்குள் நுழைகிற நாள் அவர்களுக்கு சங்கராந்தி, நமக்குத் தை 1, எங்கள் பெர்ஹாம்பூர் நண்பனுக்கு மகர சங்கராந்தி. மூன்று பேருக்கும் ஒரே நாளில் ஊர் ஞாபகம் வரும். ஆகவே எங்கள் பிரிவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறோம். இந்த வருஷம் இவர், அடுத்த வருஷம் அவர்.

இந்த முறை என் பெயர் இருந்தது. அம்மாவிடம் மூன்று மாதம் முன்பே சொல்லியாயிற்று. டிசம்பர் கடைசியில் ஸ்ரீகாகுளம் நண்பர் வந்து நின்றார். "அன்னா, நானாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து சரியாகப் பேச்சு வரலை. இந்த சங்கராந்தி..." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேனாவை எடுத்துப் பட்டியலில் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிய்யா, பானையாவது புதுசா வாங்கி வை" என்றாள்.

அந்தப் பானையும் மஞ்சள் கொத்தும் தேடித்தான் செகந்திராபாத் மோண்டா மார்க்கெட்டுக்குப் போனேன். கரும்பு எங்கேயும் கிடைக்கும். இலையோடு மஞ்சள் கொத்து கிடைப்பதுதான் கஷ்டம். அங்கே கட்டுக்கட்டாக வைத்திருந்த அம்மாளிடம் பாதித் தெலுங்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "தமிளா தம்பி? எந்தூரு?" எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர். அவர் தமிழில் பாதி உருது, கால்வாசி தெலுங்கு. "நீங்க எந்த ஊருங்கய்யா?" என்றேன். "இதான்" என்றார். "எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து லஷ்கர்தான்."

லஷ்கர் என்றால் படை முகாம். செகந்திராபாதை உள்ளூர்க்காரர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆடி மாதம் இங்கே நடக்கும் போனாலுக்குக்கூட 'லஷ்கர் போனாலு' என்றுதான் பெயர். நானெல்லாம் ஐதராபாதுக்கு வந்த தமிழர் என்றால் கம்ப்யூட்டர் கம்பெனிகளோடு வந்தவர்கள் என்றே நினைத்திருந்தேன். கதை அதற்கு 200 வருஷம் முந்தையது.

1798-ல் இரண்டாம் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். கம்பெனிப் படை நிஜாம் நாட்டில் இருக்கும், செலவு நிஜாமுடையது. அந்தப் படை முகாம் போட்ட இடம் ஹுசேன் சாகர் ஏரிக்கு அந்தப் பக்கம். 1806-ல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரை வைத்து அது செகந்திராபாத் ஆனது. படை, சென்னை ராணுவத்தின் படை. ஒரு படை தனியாக வருமா? சிப்பாய்களோடு சமையல்காரர், சலவைக்காரர், கணக்கெழுதுகிறவர், அரிசி பருப்பு சப்ளை செய்கிற கான்ட்ராக்டர் என்று ஒரு ஊரே கூட வந்தது. அப்படி வந்து காலூன்றிய முதலியார் குடும்பங்களில் ஒருவர்தான் சோமசுந்தரம் முதலியார். 1862-ல் அவர் தொடங்கிய பள்ளிதான் பின்னால் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் பெயரில் மஹபூப் கல்லூரி ஆனது. இன்று பத்மாராவ் நகர் என்று பஸ்ஸில் போர்டு போட்டு ஓடுகிறதே, அதுவும் ஒரு முதலியார் பெயர்தான்.

பெரியவர் வீட்டில் பொங்கலுக்கு ஆள் இல்லை, பிள்ளைகள் கனடாவில். "தாத்தா, எங்க வீட்டுக்கு வந்துடுங்க" என்று தங்கமணி போனிலேயே அழைத்துவிட்டாள். பொங்கல் அன்று காலை ஆட்டோவில் வந்து இறங்கினார். பெர்ஹாம்பூர் நண்பன் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தான். அவன் கையில் ஒரு டப்பா. ஊறவைத்த பச்சரிசியில் வெல்லம், தேங்காய், வாழைப்பழம், எள் எல்லாம் போட்டுப் பிசைந்தது. 'மகர சௌள' என்றான். அவர்கள் அதை வேகவைப்பதில்லை. நாம் புதுநெல் அரிசியைப் பொங்கவிடுகிறோம், அவர்கள் பச்சையாகவே படைக்கிறார்கள். எதிர் வீட்டில் மிச்சமிருந்த ஒரே தெலுங்குக் குடும்பம் முந்தின நாள் போகிக்கு எங்கள் பெண்ணையும் சேர்த்து உட்காரவைத்து, இலந்தைப்பழமும் பூவும் சில்லறையும் கலந்து தலையில் கொட்டியிருந்தார்கள். 'போகிபள்ளு'. குழந்தைகளுக்குக் கண்ணேறு கழிக்கிறதாம். அவள் இன்னும் முடியிலிருந்து காசு தேடிக்கொண்டிருந்தாள் :-)

பால் பொங்குவதற்குக் காத்திருக்கையில் பெரியவர் கேட்டார். "தம்பி, விவேகானந்தர் பொறந்தது என்னிக்கு தெரியுமா? சங்கராந்தி அன்னிக்கி."

உண்மைதான். 1863 ஜனவரி 12. இப்போது 14-ல் அல்லது 15-ல் வருகிற சங்கராந்தி அன்றைக்கு 12-ல் வந்தது. நம் பஞ்சாங்க வருஷம் ஆங்கில வருஷத்தைவிடக் கொஞ்சூண்டு நீளம். 60, 70 வருஷத்துக்கு ஒரு நாள் என்று பண்டிகை தள்ளிக்கொண்டே போகும்.

அவர் இந்த ஊருக்கு வந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. 1893 பிப்ரவரி, பனிக்காலத்தின் கடைசி. சிகாகோ போவதென்று சென்னை நண்பர்கள் பணம் திரட்டிக்கொண்டிருந்த சமயம். சென்னையில் அவர் தங்கியிருந்தது மன்மதநாத் பட்டாச்சார்யா என்ற அரசுக் கணக்குத்துறை அதிகாரியின் வீட்டில். அவர் வேலைக்காக சென்னைக்கு வந்த வங்காளி. ஐதராபாதில் அவருக்கு ஒரு நண்பர் இருந்தார், மதுசூதன் சாட்டர்ஜி. நிஜாம் அரசில் என்ஜினீயர், அவரும் வங்காளி. "சுவாமி 10-ம் தேதி வருகிறார், உங்கள் வீட்டு விருந்தாளி" என்று ஒரு தந்தி போனது. அவ்வளவுதான் ஏற்பாடு.

அன்றைக்கு சென்னையிலிருந்து இங்கே வர இப்போதிருக்கிற விஜயவாடா வழி கிடையாது. ராய்ச்சூர் போய், வாடி போய், அங்கிருந்து 1874-ல் போட்ட நிஜாம் ரயில் பாதையில் சுற்றி வரவேண்டும். ரயில் நிலையத்தில் அவரை வரவேற்கப் பெரிய கூட்டம். அதில் அகோரநாத் சட்டோபாத்யாயா இருந்தார். சரோஜினி நாயுடுவின் அப்பா, நிஜாம் நாட்டுக்குக் கல்விப் பணிக்கு வந்த இன்னொரு வங்காளி. பிப்ரவரி 13 அன்று மஹபூப் கல்லூரியில், தான் மேல்நாடு போவதன் நோக்கம் பற்றி ஆயிரம் பேருக்கு மேல் கேட்க ஆங்கிலத்தில் பேசினார். 17-ம் தேதி சென்னை திரும்பினார். சிகாகோ மேடை அதற்கு ஏழு மாதம் கழித்து.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சென்னையில் வேலைபார்த்த வங்காளி, ஐதராபாதில் வேலைபார்த்த வங்காளிக்குத் தந்தி கொடுக்கிறார். பேச்சு நடந்த கல்லூரியோ, படைக்குப் பின்னால் வந்த தமிழர் வகையில் ஒருவர் கட்டியது. அந்த வாரம் இந்த ஊரில் அவரைத் தாங்கியவர்களில் முக்கியமான சிலர், பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும்தான்.

"அப்ப நாங்க எதுக்கு இங்க வந்தோம்?" இது பெர்ஹாம்பூர் நண்பன். நாங்கள் படையோடு வரவில்லை, மருந்தோடு வந்தோம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

1961-ல் மத்திய அரசு சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து நிறுவனத்தைத் தொடங்கியது. ரிஷிகேஷில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், சென்னையில் அறுவைசிகிச்சைக் கருவிகள், ஐதராபாதில் செயற்கை ரசாயன மருந்துகள். இந்த மூன்றாவது வந்த இடம்தான் எங்களுக்குப் பக்கத்து பாலாநகர். அடுத்த திருப்பம் 1970-ம் வருஷக் காப்புரிமைச் சட்டம். 1972-ல் அமலுக்கு வந்தது. மருந்துக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்கிற முறைக்கு மட்டும்தான் என்றது சட்டம். வேறு வழியில் செய்யத் தெரிந்தால் நீயும் செய்யலாம். வேறு வழி தெரிந்த ரசாயனக்காரர்கள் நிறையப் பேர் ஐ.டி.பி.எல்.லில் பழகிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த அஞ்சி ரெட்டி 1984-ல் டாக்டர் ரெட்டீஸ் தொடங்கியது எல்லோருக்கும் தெரிந்த கதை. பெயர் தெரியாமல் சின்னதாகத் தொடங்கியவர்கள் பலர். அவர்களுக்கெல்லாம் ஷெட் போட இடம் கொடுத்தது 1970-களில் எழுந்த ஜீடிமெட்லா தொழிற்பேட்டை. மருந்துக்கே காப்புரிமை என்று 2005 ஜனவரி 1-ல் சட்டம் திரும்ப மாறியது. தாய் நிறுவனமான ஐ.டி.பி.எல். நலிந்து உற்பத்தி நின்றுபோனது. பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். காற்றிலும் தண்ணீரிலும் இந்த வட்டாரம் அதற்குக் கொடுத்த விலை தனிக் கதை.

தை 2. தெலுங்கில் இது கனுமா. அன்றைக்குக் காகம்கூட இடம் நகராது, பயணம் போகாதே என்று ஒரு சொலவடை அவர்களிடம் உண்டு. நம் வீட்டுப் பெண்கள் அன்று காலையில் அதே காகத்துக்குக் கணுப்பிடி வைக்கிறார்கள். தங்கமணி மொட்டை மாடியில் மஞ்சள் இலை விரித்துக் கலர் கலராகச் சோறு வைத்தாள். பக்கத்து மாடிகளில் பையன்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்ததால் காகம் வரத் தயங்கியது. கடைசியில் வந்தது.

தை 3 காணும் பொங்கல். சென்னையில் கடற்கரைக்குப் போவார்கள். எங்களுக்குக் கடல் இல்லை, நுமாயிஷ் இருக்கிறது. பாலாநகரில் மெட்ரோ ஏறி காந்தி பவனில் இறங்கினால் பொருட்காட்சி வாசல். வழக்கமாக ஜனவரி 1-ல் தொடங்கிப் பிப்ரவரி நடுவரை நடக்கும். 1938-ல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த நண்பர்கள் சிலர், நிஜாம் நாட்டின் பொருளாதாரத்தைக் கணக்கெடுக்க ஆசைப்பட்டார்கள். கையில் காசில்லை. உள்ளூர்ச் சரக்கை வைத்து ஒரு பொருட்காட்சி போடலாம் என்று பப்ளிக் கார்டனில் சுமார் 100 கடைகளோடு ஆரம்பித்தார்கள். 1946-ல் அது நாம்பள்ளிக்கு மாறியது. 1947, 48-ல் நடக்கவில்லை. நாடு பிரிந்து, 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வந்த காலம். இருந்தவர்கள், போனவர்கள், வந்தவர்கள் என்று ஊரே கலங்கிக் கிடந்தது. 1949-ல் மறுபடி விளக்கேற்றித் திறந்துவைத்தவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. நம் சேலத்து வக்கீல்!

ராட்டினத்தின் கீழே நின்று இதைச் சொன்னபோது பெரியவர் சிரித்தார். "எங்கப்பா தோள்ல ஒக்காந்து பார்த்திருக்கேன் தம்பி. ராஜாஜிய இல்ல, லைட்ட." என் பெண் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பஞ்சுமிட்டாய் வாங்கப் போனாள். அவளுக்கு எந்த ஊர் சொந்த ஊர் என்று நான் அடிக்கடி கவலைப்படுவேன். அன்றைக்குப் படவில்லை.

நாலு நாள் கழித்து ஸ்ரீகாகுளம் நண்பர் திரும்பினார். ஒரு தூக்கு நிறைய அரிசெலு, நம் அதிரசமேதான். "நானா என் கையால ஒண்ணு சாப்பிட்டார் அன்னா" என்றார். பிறகு நேராகப் போய்ப் பட்டியலில் அடுத்த வருஷத்துக்கு இருந்த தன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

அன்று ராத்திரியே அம்மாவிடம் சொன்னேன். "வரும்போது அந்த ஒரியாக்காரப் பிள்ளையையும் கூட்டிட்டு வாய்யா, பாவம், தனியா கிடக்கான்" என்கிறாள்.

அவனும் வந்துவிட்டால் ரியாக்டரை யார் பார்ப்பது? அதை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.